பார்வையற்ற பிள்ளைக்கு வீடியோ கேம்: உண்மையில் எவ்வளவு செலவாகும்?

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். மகனுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. பதினொன்றாம் வகுப்பு படிக்கிறான். புதுச்சேரி லாஸ்பேட்டையில் பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளிடம் பிளேஸ்டேஷன் 5 இருக்கிறது. பார்வை இல்லாதவர்களும் ஆடக்கூடிய கேம்கள் வந்துவிட்டன என்று அவர்கள் சொல்ல, தனக்கும் வேண்டும் என்கிறான் பையன். கடையில் விசாரித்தால் மெஷினுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல், ஒரு கேமுக்கு ஐயாயிரம் என்கிறார்கள். பார்வையற்றவர்களுக்குச் சலுகை விலை உண்டா? இவ்வளவு போட்டு வாங்கினால் ஆட முடியுமா? மலிவான வழி இருக்கிறதா? இவைதான் அவருடைய கேள்விகள்.

ஐயா, முதல் கேள்விக்குப் பதில் சுருக்கமானது. சலுகை விலை கிடையாது. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையைக் காட்டினால் ரயிலில் கட்டணம் குறையும். கேம் விற்கும் பெரிய கடைகளில் அந்த அட்டைக்கு வேலை இல்லை. அதே சமயம், பார்வையற்றவர் ஆடுவதற்கான வசதிகளுக்கென்று தனிக் கட்டணமும் இல்லை. அவை கேமின் செட்டிங்ஸுக்குள்ளேயே இருக்கின்றன. லாஸ்பேட்டைப் பிள்ளைகள் கொடுத்த விலைதான் உங்கள் மகனுக்கும்.

அப்புறம் செலவு எங்கே கூடுகிறது என்றால், வாங்கித் திறந்த பிறகுதான் ஆட முடியுமா என்று தெரிகிறது, அங்கேதான். பார்வையுள்ள பையன் யூடியூபில் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முடிவு செய்துவிடுகிறான். நம் பிள்ளைகள் பணத்தைக் கட்டி, மணிக்கணக்கில் டவுன்லோடு செய்து, கேமைத் திறந்தால் மெனு ஒரு வார்த்தை பேசாமல் நிற்கும். நானும் பார்வையற்றவன். புதுச்சேரி முத்தியால்பேட்டையில் இருக்கிறேன், வார இறுதிகளில் பார்வையற்ற பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித் தருகிறேன். அவர்கள் வீடுகளில் கேமுக்காக வீணான பணத்தில் பெரும்பகுதி இப்படிப் போனதுதான். அதனால் வாங்கும் வரிசையை மாற்றுங்கள் என்பேன். காசே வேண்டாதவை முதலில். பிடிக்காவிட்டால் காசைத் திரும்பப் பெறக்கூடியவை அடுத்தது. பிளேஸ்டேஷன் போன்ற கேம் மெஷின், அதாவது கன்சோல், கடைசியில்.

போனில் டாக்பேக் என்கிற ஸ்கிரீன் ரீடர், அதாவது திரையில் உள்ளதைப் பேசிக் காட்டும் செயலி, எல்லாவற்றையும் வாசிக்கிறதே, கேமை மட்டும் ஏன் வாசிக்காது என்று நீங்கள் நினைக்கலாம். வங்கிச் செயலி, வாட்ஸ்அப் போன்றவை தங்கள் எழுத்துகளை எழுத்துகளாகவே போனின் இயங்குதளத்திடம் கொடுக்கின்றன. ஸ்கிரீன் ரீடர் அதை எடுத்துப் பேசுகிறது. கேம்களோ மெனு, பொத்தான், உயிர் எவ்வளவு மிச்சம் என்கிற கணக்கு எல்லாவற்றையும் படமாகவே திரையில் தீட்டுகின்றன. படத்துக்குள் இருக்கும் எழுத்து ஸ்கிரீன் ரீடருக்குப் போய்ச் சேர்வதில்லை. பிளேஸ்டேஷன் 5இல் ஸ்கிரீன் ரீடர் இருக்கிறது, உண்மைதான். முகப்பு, செட்டிங்ஸ், கடைப் பக்கம் ஆகியவற்றை அது வாசிக்கும். கேமுக்குள் நுழைந்துவிட்டால் அந்த கேம்தான் தானாகப் பேச வேண்டும். ஆகவே கடைக்காரர் “ஸ்கிரீன் ரீடர் இருக்கு சார்” என்று சொன்னால் அதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். எந்த கேம் பேசும் என்று கேளுங்கள். அது தமிழில் பேசாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பையனுக்கு ஆங்கிலம் காதில் ஓடும் அளவுக்குப் பழக்கம் வேண்டும்.

இன்னொன்று. ‘ஆக்சஸ் கன்ட்ரோலர்’ என்று பெரிய பொத்தான்கள் கொண்ட ஒரு கருவியைக் காட்டி, மாற்றுத்திறனாளிகளுக்கானது என்பார்கள். கை, விரல் அசைவில் சிரமம் உள்ளவர்களுக்காகச் செய்யப்பட்ட அருமையான கருவி அது. உங்கள் மகனுக்கு அதனால் பயனில்லை. சாதாரண கன்ட்ரோலரே போதும்.

பெரியப்பா வீட்டுப் பிள்ளைகள் சொன்ன கேம் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ ஆக இருக்க வேண்டும். 2020 ஜூனில் வந்தது. பார்வையற்றவர் ஒருவர் முதலிலிருந்து கடைசிவரை தனியாக ஆடி முடிக்கக்கூடிய பெரிய பட்ஜெட் கேம் என்று உலகம் பேசியது அதைத்தான். மாற்றுத்திறனாளிகளும் ஆடுவதற்கான அணுகல்தன்மை வசதிகள் அறுபதுக்கும் மேல் அதில் உண்டு. மெனு பேசும். ஒரு பொத்தானை அழுத்தினால் கதை போக வேண்டிய திசைக்குப் பாத்திரம் திரும்பி நிற்கும். தாண்ட வேண்டிய இடம், குனிய வேண்டிய இடம், எதிரி அடிக்க வரும் நொடி என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஒலி. இன்னொரு பொத்தானை அழுத்தினால் பக்கத்தில் எதிரி இருக்கிறானா, பொறுக்க வேண்டிய பொருள் இருக்கிறதா என்று ஒலி அலை போய்த் தேடிவிட்டு, அது இருக்கும் திசையிலிருந்தே பதில் வரும். இந்த ஒலிகளையெல்லாம் முன்கூட்டியே கேட்டுப் பழக ஓர் ஒலி அகராதியும் உள்ளே வைத்திருக்கிறார்கள். அதற்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர் அமெரிக்காவின் பிராண்டன் கோல். அவரும் பார்வையற்றவர், 2024இல் மறைந்துவிட்டார். அவரைப் போன்றவர்களைத் தொடக்கத்திலிருந்தே கூட உட்கார வைத்ததால்தான் அந்த வேலை இவ்வளவு நேர்த்தியாக வந்தது. 2022இல் முதல் பாகத்தைப் பிளேஸ்டேஷன் 5க்குப் புதுப்பித்தபோது, கதைக் காட்சிகளில் என்ன நடக்கிறது என்று குரல் விவரிக்கும் வசதியையும் சேர்த்தார்கள்.

ஆனால் ஐயா, அந்த கேம் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. ரத்தமும் கொலையும் அதிகம். கண்ணால் பார்க்காவிட்டாலும் காதில் விழும், நம் பிள்ளைகளுக்கு இன்னும் அழுத்தமாகவே விழும். பார்வையற்றவர்கள் பல வருடங்களாக ஆடிவரும் ‘மார்ட்டல் காம்பாட்’ வரிசையும் அப்படித்தான். மிகச் சிறப்பாக அணுகல்தன்மை செய்யப்பட்ட கேம்களில் பலவும் பெரியவர்களுக்கான வன்முறை கேம்களாக அமைந்துவிட்டது எனக்கு நிஜமான வருத்தம். பதினாறு வயதுப் பையனுக்குத் தெரிவு சுருங்கிவிடுகிறது. இதை நீங்களும் அவனும் உட்கார்ந்து பேசி முடிவெடுக்க வேண்டும்.

அவன் வயதுக்கு நான் சொல்வது ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’. 2023 ஜூனில் வந்தது. இருவர் எதிரெதிரே நின்று மோதும் ஆட்டம். பார்வையற்றவர்களுக்கு இந்த வகை ஏன் இவ்வளவு ஒத்துவருகிறது என்றால், எல்லாம் ஒரே கோட்டில் இடமும் வலமுமாகத்தான் நடக்கிறது; இரண்டு காதுக்கும் அது சரியாகப் பிரிந்து கேட்கிறது. ஒவ்வொரு அடிக்கும் தனி ஒலி, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி கத்தல். பார்வையற்றோர் கிரிக்கெட்டில் பந்துக்குள் இருக்கும் சிறு குண்டுகளின் சலசலப்பை வைத்து மட்டையை வீசுகிறோமே, அதே காதுதான் இங்கேயும் வேலை செய்கிறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6இல் எதிராளி எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், தலைக்கு மேல் தாண்டி மறுபக்கம் போய்விட்டாரா, ஆற்றல் எவ்வளவு மிச்சம் என்பதையெல்லாம் ஒலியாகத் தரும் செட்டிங்ஸ் இருக்கிறது. மெனுவில் சில இடங்களில் எத்தனை முறை கீழே அழுத்த வேண்டும் என்று மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கும். அதை அண்ணன் தம்பிகள் ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் போதும். முக்கியமாக, பெரியப்பா வீட்டுப் பிள்ளைகளோடு சமமாக உட்கார்ந்து ஆடலாம், அவர்களை ஜெயிக்கவும் செய்யலாம். உங்கள் மகன் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று எனக்குப் படுகிறது.

கார் பந்தயம் பிடிக்குமானால் 2023 அக்டோபரில் வந்த ‘ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட்’ இருக்கிறது. வளைவு எந்தப் பக்கம், எப்போது பிரேக் பிடிக்க வேண்டும், சாலையின் ஓரம் எங்கே என்று ஒலியால் வழிகாட்டும். பிராண்டன் கோல் அதிலும் உழைத்தார். ஆனால் அது எக்ஸ்பாக்ஸ் என்கிற வேறு கன்சோலிலும் நல்ல கணினியிலும்தான் ஓடும், பிளேஸ்டேஷனில் கிடையாது. இதனால்தான் கன்சோலை முதலில் வாங்காதீர்கள் என்கிறேன். பையன் எந்த கேமை ஆடப்போகிறான் என்று தெரியாமல் மெஷினை வாங்கினால், அவனுக்கு வேண்டிய கேம் வேறு மெஷினில் இருக்கும்.

இப்போது பணத்தைத் திரும்பப் பெறும் விஷயம். நம் ஆட்களுக்கு இது மிக முக்கியம், பலருக்குத் தெரிவதில்லை. கணினி கேம்கள் விற்கும் ஸ்டீமில், வாங்கி 14 நாட்களுக்குள், ஆடிய நேரம் 2 மணி நேரத்துக்குக் குறைவாக இருந்தால், காரணம் எதுவானாலும் பணம் திரும்ப வரும். மெனு பேசவில்லை என்றால் உடனே திருப்பிவிடலாம். ஒரு எச்சரிக்கை: நமக்கு செட்டிங்ஸைத் தேடுவதிலேயே ஒரு மணி நேரம் ஓடிவிடும், கேம் திறந்திருக்கும் நேரமெல்லாம் கணக்கில் சேரும். போனில் அலாரம் வைத்துக்கொண்டு ஆடச் சொல்லுங்கள். கூகுள் பிளேயில் வாங்கிய செயலிக்கு 48 மணி நேரத்துக்குள் கேட்டுவிட வேண்டும். பிளேஸ்டேஷன் கடையில் நிலைமை நமக்குச் சாதகமாக இல்லை. 14 நாள் அவகாசம் உண்டு என்றாலும், டவுன்லோடு தொடங்கிவிட்டாலே பொதுவாக அந்த உரிமை போய்விடும். டவுன்லோடு செய்யாமல் மெனு பேசுமா என்று எப்படித் தெரியும்? பார்வையுள்ளவருக்கு எழுதப்பட்ட விதி இது. இதை மாற்ற வேண்டும் என்று நாம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

அதுவரைக்கும் வழி, டிஸ்க். எப்போதாவது பிளேஸ்டேஷன் வாங்குவதானால் டிஸ்க் போடும் வசதி உள்ள மாடலாக வாங்குங்கள். 2021 பிப்ரவரியில் இந்தியாவுக்கு வந்தபோது டிஸ்க் மாடல் 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாதது 39,990 ரூபாய். விலை அப்புறம் ஏறியிருக்கிறது. பத்தாயிரம் மிச்சம் என்று டிஸ்க் இல்லாததை எடுத்தால், ஆட முடியாத கேம் ஒவ்வொன்றும் முழு நட்டம். டிஸ்க் என்றால் இன்னொருவரிடம் விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பழையதையே பாதி விலைக்கும் கீழே வாங்கலாம். 4,999 ரூபாய் போட்டு புது கேம் வாங்க வேண்டிய அவசரம் நமக்கு இல்லை. நல்ல அணுகல்தன்மை உள்ள கேம்கள் வந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பழைய டிஸ்க்காகக் கிடைப்பவையும் அவைதான்.

காசில்லாதவற்றுக்கு வருகிறேன், உங்கள் வீட்டில் நாளையே தொடங்கக்கூடியவை இவை. கணினியோ மடிக்கணினியோ இருந்தால் என்விடிஏ என்கிற ஸ்கிரீன் ரீடரை இறக்கிக்கொள்ளுங்கள். 2006இல் ஆஸ்திரேலியாவில் இரண்டு பார்வையற்ற இளைஞர்கள் தொடங்கியது, முற்றிலும் இலவசம். பல பத்தாயிரம் ரூபாய் கொடுத்து ஸ்கிரீன் ரீடர் வாங்க வேண்டியிருந்த நிலையை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாற்றியது அதுதான். தமிழ்க் குரலும் உண்டு. அதை வைத்துக்கொண்டு ‘லிசெஸ்’ தளத்தில் சதுரங்கம் ஆடலாம். ஸ்கிரீன் ரீடருக்கென்றே தனி முறை வைத்திருக்கிறார்கள். அந்தத் தளம் நன்கொடையில் நடக்கிறது, விளம்பரம்கூடக் கிடையாது. எதிரே ஆடுபவருக்கு இந்தப் பக்கம் இருப்பவர் பார்வையற்றவர் என்று தெரியவே தெரியாது. ‘பிளேரூம்’ என்றொரு இடம் இருக்கிறது, உலகம் முழுக்க இருக்கும் பார்வையற்றவர்கள் சீட்டாட்டமும் பலகை ஆட்டங்களும் ஆடிக்கொண்டு அரட்டையடிக்கும் இடம். அதுவும் இலவசம். போனில் ‘எ பிளைண்ட் லெஜண்ட்’, 2015இல் பிரான்சில் செய்தது. திரையே இல்லாமல் காதால் மட்டும் வாள் சண்டை. இறக்குவதற்குக் காசு வேண்டாம்.

இதற்கு அடுத்த படி, சிறிய பணத்தில். ‘ஸ்டார்டியூ வேலி’ என்கிற விவசாய கேம் கணினிக்கு 500 ரூபாய்க்குள் கிடைக்கும், தள்ளுபடி நாளில் இன்னும் குறையும். அது தானாகப் பேசாது. ஆனால் ‘ஸ்டார்டியூ ஆக்சஸ்’ என்று தன்னார்வலர்கள் எழுதிய இலவச மாட் (கேமோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்) ஒன்றைச் சேர்த்தால், நிலம், விதை, கடை, மீன்பிடி எல்லாம் பேசத் தொடங்கிவிடும். பழைய மடிக்கணினியிலேயே ஓடும். ஒரே குறை, கேமில் புதுப்பிப்பு வரும்போது மாட் சில நாள் வேலை செய்யாமல் போகலாம். சம்பளம் வாங்காமல் செய்கிறவர்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

‘தி வேல்’ போல முழுக்க ஒலியாலேயே ஆன கதை கேம்களும் உண்டு. 2021இல் கனடாவில் செய்தது அது. பார்வையற்ற இளவரசி ஒருத்தி ஊர் திரும்பும் கதை. வெளிநாட்டில் அதன் விலை ஏறத்தாழ 20 டாலர். படமே இல்லாத கேமுக்கு இவ்வளவா என்று என்னிடம் பெற்றோர்கள் கேட்கிறார்கள். நான் அந்த விலையை நியாயம் என்றே சொல்வேன். நடிகர்கள் குரல் கொடுத்திருக்கிறார்கள். காற்று, குதிரைக் குளம்பு, பின்னாலிருந்து வரும் வாள் என்று ஒவ்வொரு ஒலியையும் அதன் திசையோடு செதுக்கியிருக்கிறார்கள். வாங்கும் கூட்டமோ சிறியது. லட்சக்கணக்கில் விற்கும் கேமுக்கு விலையைக் குறைக்க முடியும், ஒரு சின்னக் குழு சிறு கூட்டத்துக்குச் செய்வதற்கு முடியாது. இவற்றைத் திருட்டுப் பிரதியாக வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். பெரிய நிறுவனம் தாங்கிக்கொள்ளும். நமக்காகச் செய்யும் இரண்டு மூன்று பேர் தாங்க மாட்டார்கள், அடுத்த கேமே வராது.

செய்கிறவர்கள் மனம் வைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஜப்பானில் கெஞ்சி ஈனோ என்பவர், தன் கேம்களைப் பார்வையற்றவர்கள் பாடுபட்டு ஆடுவதை நேரில் அறிந்து, 1997இல் சேகா சாட்டர்ன் கன்சோலுக்காகப் படமே இல்லாத, ஒலி மட்டுமே உள்ள ஒரு கேமைச் செய்தார். அதைத் தங்களுக்கு மட்டும் தர வேண்டும் என்று சேகா நிறுவனம் கேட்டபோது, பார்வையற்றவர்களுக்கு ஆயிரம் கன்சோல்களை நன்கொடையாகக் கொடுங்கள், நான் ஆயிரம் கேம்களைத் தருகிறேன் என்று நிபந்தனை வைத்ததாக அவரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். கன்சோல் விலையும் நம் பிரச்சினைதான் என்று அன்றைக்கே புரிந்துகொண்டவர் அவர்.

துணைச் செலவுகளில் ஒன்றே ஒன்றைத்தான் வலியுறுத்துவேன்: கம்பி வைத்த ஸ்டீரியோ ஹெட்போன். புளூடூத் வேண்டாம். அதில் ஒலி ஒரு கணம் பிந்தி வரும். பாட்டுக்குப் பரவாயில்லை, அடி விழும் ஒலியைக் கேட்டுத் தடுக்க வேண்டிய ஆட்டத்தில் அந்த ஒரு கணத்தில் தோற்றுவிடுவான். ஆயிரம் ரூபாய்க்குள் நல்லது கிடைக்கும். பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலரிலேயே செருகும் துளை இருக்கிறது. டிவி ஸ்பீக்கரை வைத்து ஆடினால் இடம் வலம் சரியாகப் பிரியாது. ‘எனக்கு இது வரவில்லை’ என்று பையன் மனம் விட்டுவிடுவான்.

வெளிநாட்டுத் தளங்களில் நேரடியாக வாங்கும்போது வங்கி அட்டையில் தடங்கல் வரும். ரிசர்வ் வங்கி 2020இல் கொண்டுவந்த விதிப்படி புது அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் நீங்கள்தான் இயக்க வேண்டும், வாங்கி முடித்ததும் அணைத்துவிடுங்கள். டாலர் விலைக்கு மேல் வங்கி தன் பங்குக்குக் கொஞ்சம் எடுக்கும். ஸ்டீமில் இந்தத் தலைவலி இல்லை, விலையே ரூபாயில் இருக்கும், யுபிஐயும் செல்லும்.

அரசு உதவி பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். கேமுக்கென்று எந்தத் திட்டமும் இல்லை. ஆனால் பார்வையற்றவர்களுக்குத் தக்க செயலிகளோடு கைபேசி வழங்கும் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. கடலூர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் பையனின் தனித்துவ அடையாள அட்டையோடு போய், தகுதி என்ன என்று கேளுங்கள். புதுச்சேரித் திட்டங்களை நம்பி இங்கே வந்து அலைய வேண்டாம். பக்கத்து ஊர்தான் என்றாலும் இது வேறு அரசு, இங்கே குடியிருப்பவர்களுக்கே கொடுப்பார்கள். அந்தப் போனோ மடிக்கணினியோ படிப்புக்குக் கிடைத்துவிட்டால், கேமுக்கான மெஷினும் அதுவே.

ஆக, உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். இப்போதைக்குச் செலவு ஹெட்போன் மட்டும். தேர்வு முடியும்வரை சதுரங்கமும் பிளேரூமும் எ பிளைண்ட் லெஜண்டும் போதும். காதால் ஆடும் பழக்கம் இவற்றில் வந்துவிடும். விடுமுறையில் லாஸ்பேட்டைக்கு அனுப்புங்கள். அங்கே இருக்கும் பிளேஸ்டேஷனில் செட்டிங்ஸ் போய் ஆக்சசிபிலிட்டியில் ஸ்கிரீன் ரீடரை இயக்கித் தரச் சொல்லுங்கள், அண்ணன் தம்பிகள் ஒரு நிமிடத்தில் செய்துவிடுவார்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6க்கு இலவச டெமோ வந்திருக்கிறது. அதை இறக்கி, காதால் ஆட முடிகிறதா என்று அவனே பார்க்கட்டும். பிடித்தால் பழைய டிஸ்க் ஒன்றை நீங்கள் வாங்கிக் கொடுங்கள், அந்த வீட்டு மெஷினிலேயே ஆடலாம். அதே கன்சோலில் இரண்டு கன்ட்ரோலரை ஒரே ஆட்டக்காரருடையதாக இணைக்கும் வசதியும் இருக்கிறது. பேசாத மெனு வரும் இடத்தில் மட்டும் தம்பி கைகொடுத்துவிட்டு, மீதியை இவனே ஆடலாம். ஒரு விடுமுறை முழுக்க ஆடிய பிறகும் தனக்கென்று மெஷின் வேண்டும் என்று கேட்டால், அப்போது எந்த மெஷின், எந்த மூன்று கேம் என்று அவனே பெயர் சொல்லிக் கேட்பான். அந்தப் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். அவற்றில் எது பேசும், எது பேசாது என்று வாங்குவதற்கு முன்னால் பார்த்துச் சொல்கிறேன்.